பால் ஒவ்வாத மழலைகளும் நமது கடமையும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற தாய் சேய் நல அரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவிலே குழந்தைகளின் வயிற்றைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே என்பது எங்கள் கருத்து. ஐந்து வயதில் பள்ளி வாயிலை மிதிக்கும் பிள்ளையின் அறிவும் உடலும் அதற்கு முந்திய ஆண்டுகளிலேயே பெரிதும் உருப்பெற்றுவிடுகின்றன. அந்த நாட்களில் உணவு ஒவ்வாமல் வாடி மெலிந்த குழந்தையை, பின்னர் எத்தனை இரவுப் பாடசாலைகள் வைத்தாலும் முழுமையாக ஈடுசெய்துவிட முடியாது. ஆகவே கல்வி தொட்டிலிலிருந்தே தொடங்குகிறது என்ற உணர்வோடு இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்பொருளில் நாங்களே ஒரு தவறு செய்தோம். அதனை மறைக்காமல் உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறோம்.

பாலும் நமது வரலாறும்

பால், தயிர், நெய் ஆகியவை நம் மக்களுக்கு வெறும் உணவுப் பொருள்களாக இருந்ததில்லை. 1936ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் எழுதி வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ என்னும் நூலிலே, அன்றைய செய்பூர் அரசைச் சேர்ந்த சக்வாரா என்ற ஊரின் நிகழ்ச்சி ஒன்று கூறப்படுகிறது. யாத்திரை சென்று திரும்பிய தீண்டப்படாதார் ஒருவர் தம் மக்களுக்கு விருந்தளித்தார். அவ்விருந்தில் நெய் பரிமாறப்பட்டது. அதனைப் பொறாத சாதி இந்துக்கள் நூற்றுக்கணக்கில் தடிகளோடு வந்து உணவைப் பாழாக்கி, உண்டவர்களை அடித்து விரட்டினர். தம் சொந்தப் பணத்தில் வாங்கிய நெய்யை உண்டதே அவர்கள் செய்த குற்றம்! நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் நிலவிய இரட்டைக் குவளைக் கொடுமையை இங்குள்ள பெரியோர்கள் தம் வாழ்விலேயே கண்டவர்கள்.

இவ்வாறு மறுக்கப்பட்ட பொருளின்மீது நமக்கு வேட்கை பிறப்பது இயற்கை. ‘எனக்குக் கிடைக்காத பால் என் பிள்ளைக்காவது கிடைக்கட்டும்’ என்று தாய் நினைக்கிறாள். நாங்களும் அவ்வாறே நினைத்தோம். எங்கள் மாலைப் பாடசாலை நடைபெறும் தெருவில் வீடுவீடாகச் சென்று, குழந்தைக்கு நாள்தோறும் இரண்டு குவளைப் பால் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று பரப்புரை செய்தோம். செங்கற்சூளையில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர், தாம் குடிக்கும் தேநீரை நிறுத்தி, அந்தக் காசில் பால் பொட்டலம் வாங்கத் தொடங்கினார்.

அவருடைய பதினான்கு மாதக் குழந்தைக்கு ஒரு மழைக்காலத்தில் வயிற்றுப்போக்குக் கண்டது. ஒரு வாரத்தில் நிற்க வேண்டியது மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. பால் குடித்த சிறிது நேரத்தில் வயிறு உப்பும், இரைச்சல் கேட்கும், நீர்போலப் புளித்த வாடையுடன் போகும், ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. பால் மாந்தம் என்றனர் சிலர். செவ்வாப்பு என்றனர் சிலர். வசம்பு சுட்டுக் கொடுத்தார்கள். தொக்கம் எடுக்கும் ஒருவரிடமும் கொண்டுசென்றார்கள். எங்களிடம் கேட்டபோது நாங்கள் என்ன சொன்னோம்? ‘பிள்ளை இளைத்துவிட்டது, பாலைக் கூட்டிக் கொடுங்கள்’ என்றோம்.

ஒன்பது கிலோ இருந்த குழந்தை எட்டுக்கும் கீழே போயிற்று. தடுப்பூசி நாளன்று கிராம சுகாதாரச் செவிலியர் எடை அட்டையைப் பார்த்தார். கோடு கீழிறங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டி அன்றே மருத்துவரிடம் அனுப்பினார். பசும்பாலைச் சில வாரங்கள் நிறுத்தி, தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்து, தயிர்ச் சோறும் கேழ்வரகும் முட்டையும் ஊட்டச் சொன்னார்கள். நான்காம் நாளே போக்கு கட்டுப்பட்டது. அந்தத் தாய் பின்னர் எங்களைக் கண்டபோது கோபிக்கவில்லை. ‘படித்தவர்கள் நீங்கள் சொன்னீர்கள் என்றுதானே கொடுத்தேன்’ என்று மட்டும் கேட்டார். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அன்று முதற்கொண்டு கற்றவற்றையே இன்று உங்களுக்குக் கூறுகிறோம்.

பாற்சர்க்கரை செரியாமை

முதற்கண் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். பால் ஒவ்வாமை என்று பொதுவாகக் கூறப்படுவது ஒரே நோயன்று; இரண்டு வேறு நிலைகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே பல கேடுகள் விளைகின்றன.

முதலாவது, பாற்சர்க்கரை செரியாமை. பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. தாய்ப்பாலில் அது நூற்றுக்கு ஏழு பங்கு. பசும்பாலில் ஐந்து பங்கிற்குச் சற்றுக் குறைவு. சிறுகுடலின் உட்புறத்திலுள்ள லாக்டேஸ் என்னும் நொதி இதனைப் பிரித்துச் செரிக்கச் செய்கிறது. நொதி குறைந்தால் செரியாத சர்க்கரை பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. உப்புசம், வலி, புளித்த நீர்ப்போக்கு ஆகியவை இதனால் தோன்றுபவை.

பிறவியிலேயே இந்நொதி இல்லாத குழந்தைகள் மிக மிக அரியர். சிறு குழந்தைகளிடம் பெரும்பாலும் காண்பது, கடும் வயிற்றுப்போக்கால் குடலின் உட்தோல் புண்பட்டு, நொதி தற்காலிகமாகக் குறைந்த நிலையே. குடல் ஆறியதும் சில வாரங்களில் அது மீண்டும் சுரக்கும். நாங்கள் கூறிய குழந்தைக்கு நேர்ந்தது இதுவே. அதன் பின்னர் ஆறு வாரம் கழித்துச் சிறிது சிறிதாகப் பால் கொடுக்கத் தொடங்கியபோது அக்குழந்தை நன்றாகவே ஏற்றுக்கொண்டது.

இதனால், வயிற்றுப்போக்குக் கண்டவுடன் பாலை நிறுத்திவிட வேண்டும் என்று பொருள் கொள்ளலாகாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவையில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலும், மருத்துவர் தரும் துத்தநாக மருந்தும், தாய்ப்பாலும், வழக்கமான உணவுமே போதும். போக்கு இரண்டு வாரத்தை எட்டினாலோ, பால் குடிக்குந்தோறும் மிகுந்தாலோதான் ஐயுற வேண்டும். எந்நிலையிலும் தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது.

வளர்ந்த பின்னர் நொதி குறைவது வேறு. தாய்ப்பால் மறந்த பிறகு அது படிப்படியாகக் குறைவது மனித இனத்தின் பொது இயல்பே. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இவ்வாறானவர்கள். நெடுங்காலம் கால்நடை மேய்த்துப் பாலையே பெரிதும் உண்டு வாழ்ந்த மக்களிடம், வட ஐரோப்பாவிலும் நம் நாட்டின் வடமேற்கிலும், நொதி வாழ்நாள் முழுதும் நிலைக்கும் மரபணு மாற்றம் பரவிற்று. தென்னாட்டில் அது குறைவு. ஆகவே பால் செரிப்பது உயர்குலச் சின்னமும் அன்று. செரியாமை இழிவும் அன்று. அத்தகையோர் தயிரையும் மோரையும் பெரும்பாலும் தாங்குவர். உறை ஊற்றும்போதே சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உண்டுவிடுகின்றன.

புரத ஒவ்வாமை

இரண்டாவது நிலை, பாலின் புரதத்தை உடல் பகையாகக் கருதுவது. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, கேசீன் முதலான பாற்புரதங்களை எதிர்த்துப் போர் தொடுக்கிறது. இதுவே உண்மையான ஒவ்வாமை. சிலருக்கு உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தோலில் தடிப்பு, உதடு கண் வீக்கம், வாந்தி, இளைப்பு தோன்றும். வேறு சிலருக்குப் பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து மலத்தில் இரத்தக் கீற்று, சளி, ஓயாத வாந்தி, தோல் கரப்பான், எடை ஏறாமை ஆகியவை தோன்றும்.

இதில் அளவு ஒரு பொருட்டன்று. சர்க்கரை செரியாதவனுக்கு ஒரு வாய்ப் பால் தீங்கு செய்யாது. புரதம் ஒவ்வாதவனுக்கு ஒரு கரண்டியும் கேடாகலாம். முன்னவனுக்கு நல்லதாகும் தயிர் பின்னவனுக்கு ஆகாது. லாக்டோஸ் நீக்கிய மாவிலும் பாற்புரதம் இருப்பதால் அதுவும் ஆகாது. பசும்பால் ஒவ்வாவிட்டால் ஆட்டுப்பால் கொடு என்பது ஊர் வழக்கு. ஆட்டுப்பால், எருமைப்பால் ஆகியவற்றின் புரதங்களும் பசும்பாலின் புரதத்தை ஒத்தவையே. ஆதலின் அவற்றாலும் பெரும்பாலோருக்குத் தீங்கே நேரும்.

பாலன்றி முட்டை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, மீன், இறால், எள் ஆகியவையும் சிலருக்கு ஒவ்வாமை தரும். நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். தோல் தடிப்பைக் காணாக்கடி என்றும், தோல் நோயை மிகுவிக்கும் உணவைக் கரப்பான் பண்டம் என்றும் பெயரிட்டு வழங்கினர். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பட்டியலை விதித்ததும், காணாக்கடியை எப்போதும் எளிதாக எண்ணியதும் குறைபாடே.

உறவினர் இல்லக் காதணி விழா ஒன்றில் எட்டு மாதக் குழந்தைக்கு யாரோ அன்போடு பால் பாயசம் ஒரு கரண்டி ஊட்டினார்கள். பத்து நிமிடத்தில் உதடு தடித்தது. உடலெங்கும் தடிப்பு எழுந்தது. காணாக்கடிதான் என்று வெற்றிலையும் மிளகும் தேடினார்கள். குழந்தை இருமத் தொடங்கி, மூச்சிலே சீழ்க்கை ஒலி எழுந்தபோது, எங்கள் கழகத்தில் படித்த கல்லூரி மாணவி ஒருவர் எவரையும் கேளாமல் 108க்கு அழைத்தார். ஊசி போட்டுக் குழந்தை பிழைத்தது. முன்னரே ரொட்டித்துண்டு தின்றபோது இரண்டு முறை தடிப்பு எழுந்ததாகத் தாய் அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்முதல், ஓயாத வாந்தி, துவண்டு விழுதல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் அது உயிருக்கு இடர். அதற்குரிய முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றே. அரிப்புக்குக் கொடுக்கும் மருந்து அதற்கு மாற்றாகாது. வாய்வழி எதுவும் புகட்டாமல், குழந்தையைப் படுக்க வைத்து, மூச்சுத் திணறினால் மடியில் சாய்த்து அமர்த்தி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தேறிய பின்னும் சில மணி நேரம் அங்கேயே இருத்தல் நலம்.

ஐயம் தீர்க்கும் முறை

ஐயம் எழுந்தவுடன் தாமே ஒவ்வோர் உணவாக நிறுத்திக்கொண்டே போவது பெருந்தவறு. பாலும் முட்டையும் மீனும் பருப்பும் நிறுத்தப்பட்டு நொய்க்கஞ்சியிலேயே வளரும் குழந்தையை ஒவ்வாமையைவிடப் பட்டினியே முதலில் வீழ்த்தும். என்ன உண்டது, எவ்வளவு நேரத்தில் என்ன நேர்ந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெல்லத் தோன்றும் வகையானால், அவர் சொற்படி இரண்டு முதல் நான்கு வாரம் அவ்வுணவை நிறுத்தி, குணம் கண்டபின் மீண்டும் கொடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உடனடித் தடிப்பும் வீக்கமும் கண்ட குழந்தைக்கு இச்சோதனையை வீட்டில் செய்தலாகாது.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும், தாய் உண்ணும் பாற்பொருளின் புரதம் தாய்ப்பால் வழியே சென்று தொல்லை தரக்கூடும். அப்போது தாய் சில வாரம் பாற்பொருள்களை விலக்கிப் பார்க்க வேண்டுமேயன்றித் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. அந்நாட்களில் தாயின் சுண்ணாம்புச் சத்துக்கும் வழி செய்ய வேண்டும். மாமியாரும் கணவரும் இதில் துணை நிற்பது இன்றியமையாதது. பிள்ளையின் நோயைத் தாயின் குற்றமாக்குவது நம் இல்லங்களிலும் இல்லாமல் இல்லை.

பெற்றோர் ஆறுதல் கொள்ளத்தக்க செய்தியும் உண்டு. பாற்புரத ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதிற்குள்ளாகவோ அதையடுத்தோ அதிலிருந்து விடுபடுகின்றனர். ஆதலின் மருத்துவர் மேற்பார்வையில் அவ்வப்போது மீண்டும் சோதித்தறிய வேண்டும். வாழ்நாள் விலக்காக்கிவிடக் கூடாது.

பாலின்றியும் வளர்க்கலாம்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு வீட்டு உணவு. ஓராண்டு நிறையுமுன் பசும்பாலை முதன்மை உணவாக்க வேண்டாமென்று நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் கூறுகின்றனர்; அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு.

ஓராண்டுக்குப் பின் பால் இல்லையே என்று கலங்க வேண்டுவதில்லை. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து 500 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. நூறு மில்லி பசும்பாலில் உள்ளது ஏறத்தாழ 120 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் உள்ளது ஏறத்தாழ 350 மில்லிகிராம். முருங்கைக் கீரையிலும் முளைக்கீரையிலும் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேலுண்டு. கேழ்வரகின் சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பது உண்மை. ஆயினும் முளைகட்டியும் புளிக்க வைத்தும் சமைத்தால் மிகுதியாகச் சேரும். ‘கூழ் குடிக்கும் சேரி’ என்று நம்மை எள்ளினார்களே, அந்தக் கூழில் இத்தனை பொருள் இருந்தது.

சுண்ணாம்பு மட்டும் போதாது, புரதமும் வேண்டும். முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த பருப்பு, நன்கு வேகவைத்து மசித்த ஈரல், இறைச்சி ஆகியவற்றை ஒவ்வாமை இல்லாதவிடத்துத் தயங்காமல் கொடுங்கள். நெத்திலியை முள்ளோடு மைய அரைத்து ஊட்டினால் சுண்ணாம்பும் கிடைக்கும். மாட்டிறைச்சி நம்மில் பலர் உண்ணும் நல்லுணவு. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. பாற்புரதம் ஒவ்வாத பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் அதுவும் ஒவ்வாதிருக்கலாம் என்பதனால், முதன்முறை கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. தேங்காய்ப்பாலும் அரிசிக் கஞ்சியும் வெண்ணிறமாயினும் பாலுக்கு ஈடாகா. அவற்றில் புரதம் மிகக் குறைவு.

அச்சத்தால் உணவைத் தள்ளிப்போடுவதும் நன்றன்று. வேர்க்கடலையை மூன்று வயது வரை கொடுக்க வேண்டாமென்று, ஒவ்வாமைக்கு இடமுள்ள குழந்தைகளுக்கு, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தினர். 2008இல் அதனைக் கைவிட்டனர். இங்கிலாந்தில் 640 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2015இல் வெளிவந்தது. குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலை உண்டவர்களிடம் அதன் ஒவ்வாமை, தவிர்த்தவர்களைவிட எண்பது விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருந்தது. ஆறு மாதத்திற்குப் பின் புதிய உணவுகளை ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில், சிறிதளவில் தொடங்குங்கள். கடலையை மைய அரைத்துக் கூழில் கலந்தே கொடுக்க வேண்டும். முழுக்கடலை தொண்டையில் சிக்கும். முன்பே கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே, உங்கள் படிப்புக்கு இங்கே வேலை இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் உணவு அடையாளச் சீட்டு விதிகளின்படி, பொட்டலத்தில் அடைத்த உணவில் பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை முதலியவை இருப்பின் அதனை உறைமேல் குறிப்பிட வேண்டும். அவ்வெழுத்து பொடியாகவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கேசீன், வே, பால் திடப்பொருள் என்னும் சொற்களெல்லாம் பாலைக் குறிப்பனவே என்று பக்கத்து வீட்டுத் தாய்க்குப் படித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். ரொட்டித்துண்டு, பன், மிட்டாய் எதிலும் பால் ஒளிந்திருக்கலாம்.

அங்கன்வாடிப் பணியாளரிடமும் சத்துணவுக் கூடத்திலும் குழந்தையின் ஒவ்வாமையை எழுதிக் கொடுங்கள். 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956, 1982 எனப் படிப்படியாக விரிந்து, 2022இல் காலை உணவாகவும் வளர்ந்த பள்ளி உணவு நம் பிள்ளைகளின் உரிமை. முட்டை ஒவ்வாத பிள்ளை தனியே ஒதுக்கி உட்கார வைக்கப்படலாகாது. தனிப் பந்தியின் துன்பம் என்னவென்று நம்மைவிட அறிந்தவர் யார்?

பாலுக்கு மாற்றாக விற்கும் விலையுயர்ந்த மாவுகளைக் கடைக்காரர் சொற்கேட்டு வாங்காதீர்கள். குழந்தைப் பால் மாவுகளுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தாய்ப்பாலுக்கு வழியில்லாத, புரத ஒவ்வாமையுள்ள கைக்குழந்தைக்கு மட்டுமே தனி வகை மாவு வேண்டியிருக்கும். அது மருத்துவர் எழுதித் தரவேண்டியது, விலையும் மிகுதி. அத்தகைய குடும்பம் தண்ணீரை மிகுதியாகக் கலந்து மாவை நீட்டித்துக் கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படாதவாறு, நம் கழகம் ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டுமென்று இம்மேடையில் கேட்டுக்கொள்கிறோம்.

அன்பர்களே, எங்களுடைய தவறு அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. அரைகுறையாய் அறிந்ததை முழுதும் அறிந்ததாக எண்ணிப் பிறருக்கு உபதேசித்ததால் நேர்ந்தது. படித்தவன் சொன்னால் சேரி நம்புகிறது. அந்த நம்பிக்கை இருபத்தைந்து ஆண்டு உழைப்பால் இக்கழகம் ஈட்டிய செல்வம். அதற்குத் தக்கவாறு, தெரிந்ததைச் சொல்வோம். தெரியாதவிடத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயோடு மருத்துவமனைக்கு நடப்போம்.

அந்தச் செங்கற்சூளைத் தாயின் குழந்தை இப்போது எங்கள் மாலைப் பாடசாலையின் முதல் வரிசையில் அமர்ந்து படிக்கிறது. எடை அட்டையை அந்தத் தாய் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். தெருவில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு அதனைக் காட்டி, இறங்கிய கோட்டையும் ஏறிய கோட்டையும் விளக்குபவர் இன்று அவரே.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் மழலைகள்!